ரதியின் பக்கம்

பொகவந்தலாவைக்குப் போகும் பஸ் ஒரு தேயிலைத் தோட்டத்தருகே நிற்கிறது. சாலை முழுவதும் கூட்டம். பனிமூட்டத்துக்குள் தப்புப் பறைகள் முழங்குகின்றன. இறங்குகிறேன். மனைவி இறந்த பிறகு இசை கேட்கும் இடங்களைத் தவிர்த்தே வந்திருக்கிறேன். மண்டபத்துக் கச்சேரியிலிருந்து எழுந்து போய்விடலாம். வெட்டவெளியில் எழும் இசைக்கு வெளியேற வாசல் இல்லை.

தொழிலாளரைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இன்று காமன் கூத்து முடிகிறது. சிவனின் நெற்றிக்கண் தீயில் காமன் எரிந்துவிட்டான். சாம்பலைச் சுற்றி, வெள்ளைச் சேலை கட்டிய ரதி புலம்பி ஆடுகிறாள். வேடமிட்டவர் மீசை மழித்த ஓர் இளைஞர். தோட்டமே காமன் வீட்டார், ரதி வீட்டார் என இரு பக்கமாகப் பிரிந்து நிற்கிறது. நடுவில் நான் மட்டும்.

கம்பளி போர்த்திய ஒரு பெண் கையசைக்கிறாள்.

"ஐயா, நடுவுல நிக்கக் கூடாதுங்க. காமன் பக்கமா, ரதி பக்கமா?"

"நான் றோட்டாலை போற ஆள், பிள்ளை."

"போற ஆளுக்கும் பக்கம் உண்டுங்க. அங்கிட்டுப் போனா சும்மா மொறைச்சுக்கிட்டு நிக்கலாம். எங்க பக்கம் வந்தா அழணும்."

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

"எனக்கு அழுகை வராது."

"வந்தா வரட்டுமே. இந்தத் தப்புச் சத்தத்துல யாரு அழுறான்னு யாருக்குங்க கேக்கப் போவுது?"

பஸ் ஹாரன் அடிக்கிறது. நான் அவள் பக்கம் போய் நிற்கிறேன். ரதி தாலியைக் கழற்றுகிறாள். தப்புகள் உச்சத்துக்கு ஏறுகின்றன.

அந்தப் பெண் சொன்னது சரிதான். எனக்கே கேட்கவில்லை.