முதல் பக்கத்தில் இறந்த தாய்

கிசுமு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மீன் பொரித்து விற்கும் ரோஸ்லிடாவை அங்கே யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. 'மின் ஓச்சோலா' என்பார்கள். ஓச்சோலாவின் அம்மா என்று. மகன் போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

பிறவியிலேயே ரத்தக் கோளாறு அவனுக்கு. குளிர் அடித்தால் மூட்டுக்கு மூட்டு உயிர் போகும். வருஷத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழிந்ததால் பள்ளிக்கூடம் பாதிதான் கிடைத்தது. மீதியைக் கதைப் புத்தகங்கள் கொடுத்தன. அதுவும் வானத்தில் மிதக்கும் கப்பல், பேசும் நீர்யானை, வேறு கிரகத்து ராஜ்யம், இப்படிப்பட்ட கதைகள். நடைபாதையில் புத்தகம் பரப்பி விற்கும் லாவெண்டர் என்ற பெண், அந்த வகையில் புதிதாக எது வந்தாலும் முதலில் அவனுக்குத்தான் எடுத்துவைப்பாள். இருபத்து மூன்று வயதில் தானே ஒன்று எழுத உட்கார்ந்தான். ஏரிக்கு அடியில் ஒரு நகரம். அங்கிருந்து நிலவுக்குக் கிளம்பும் ஓபுரா என்ற இளைஞன்.

எழுதிய தாளோடு அடுப்பண்டை வருவான்.

"அம்மா, ஒரு பக்கம் மட்டும் கேளேன்."

"பஸ் வர்ற நேரம்டா. அப்புறம் படி."

"போன வாரமும் இதையேதான் சொன்னே."

"உன் நிலாவுல மீன் திம்பாங்களா? திம்பாங்கன்னா சொல்லு, அங்கயும் ஒரு கடை போடறேன்."

சிரித்துக்கொண்டே போய்விடுவான். அந்த 'அப்புறம்' வரவேயில்லை. ஏப்ரல் மழையில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கியது. மூன்றாம் நாள் போய்விட்டான்.

அடக்கத்துக்கு வந்த உறவெல்லாம் கலைந்த வாரத்தில், நைரோபி அச்சகத்திலிருந்து அவன் அச்சுக்குக் கொடுத்திருந்த கதையின் முதல் பாகம் நான்கு அட்டைப்பெட்டிகளில் பஸ்ஸில் வந்து இறங்கியது. ஓச்சோலா வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றான் பார்சல்காரன்.

"அவன் வரமாட்டான். நான் போடறேன்" என்றாள் ரோஸ்லிடா.

பைபிளையும் ஜெபப் பாட்டுகளையும் தவிர வேறெதையும் படித்தறியாதவள். கடை ஓய்ந்த மத்தியானத்தில், விரலை வரி வரியாக நகர்த்தி வாசிக்கத் தொடங்கினாள். வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதியிருந்தான். முதல் பக்கம், நாலாவது வரி: 'அம்மாவைப் புதைத்த மறுநாள் ஓபுரா படகேறினான்.'

புத்தகத்தை மூடினாள். அன்றைக்கு அதற்கு மேல் கண் ஓடவில்லை. மறுநாள் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு லாவெண்டரிடம் போனாள்.

"அவன் எழுத எழுதப் படிச்சவ நீதானே. சொல்லு. என்னை எதுக்குக் கொன்னான்?"

லாவெண்டர் விழித்தாள். அந்த வரியைக் காட்டியதும்தான் விளங்கியது.

"ஐயோ அம்மா, அது நீங்க இல்லே. கதையில வர்ற அம்மா."

"ஒவ்வொரு ஊசிக்கும் கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்தவ நானு. ஒரு பக்கம் கேக்கலேன்னு இவ்ளோ கோவமா?"

"கோவமே இல்லேம்மா. நானும் இதையேதான் கேட்டேன். 'அம்மா உசுரோட இருந்தா ஓபுராவை வெளிய விடுவாங்களா? ஸ்வெட்டர் போடு, படகுல ஏறாதேன்னு கதவை மறிச்சுக்கிட்டு நிப்பாங்க'ன்னான். மூணு தடவை உசுரோட வெச்சு எழுதிப் பாத்தான். மூணு தடவையும் ஓபுரா வாசலைத் தாண்டல."

ரோஸ்லிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சிரிப்பிலேயே உடைந்து, பரப்பிக் கிடந்த புத்தகங்களின் நடுவே உட்கார்ந்துவிட்டாள்.

"நெசந்தான், விட்டிருக்க மாட்டேன். மறிச்சுத்தான் நின்னேன், லாவெண்டர். வார்டு வாசல்ல ராப்பகலா நின்னேன். அப்படியும் போயிட்டானே."

லாவெண்டர் புத்தகம் பார்க்க வந்தவர்களைக் கைகாட்டி அனுப்பிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டிகள் லாவெண்டரின் கடைக்குப் போயின. புதுசாக ஏதாவது உண்டா என்று கேட்பவர்களிடம் ஓச்சோலாவின் புத்தகத்தைத்தான் முதலில் நீட்டினாள். படித்த கல்லூரிப் பிள்ளைகள் மீன்கடையைத் தேடிவந்தார்கள். ஓபுரா நிலவின் கதவைத் தட்டுவதோடு கதை நின்றிருந்தது. அடுத்த பாகம் எப்போது வரும் என்று கேட்டார்கள். எழுதியவன் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பெண் அங்கேயே அழுதாள். ரோஸ்லிடாதான் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவித் தேற்ற வேண்டியிருந்தது.

நாளுக்கு ஒரு பக்கம் என்று வாசித்து, நவம்பரில் அவளும் அந்தக் கதவண்டை வந்து நின்றாள். நேராக லாவெண்டரிடம் போனாள்.

"உள்ள யாரு இருக்காங்க? உங்கிட்ட சொல்லியிருப்பானே."

"கேட்டேம்மா. இனிமேதான் யோசிக்கணும்னான்."

"அப்போ அவனுக்கே தெரியாமலா போயிட்டான்?"

லாவெண்டர் ஆமாம் என்று தலையசைத்தாள். ரோஸ்லிடா அன்று கடை திறக்கவில்லை.