கடலடி டேப்புகளும் பின்னறையும்

அருணாதேவி கடலை இரண்டே முறைதான் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் பிழைப்பு கடலுக்கு அடியில். முன்பு நிலநடுக்கக் கருவிகளைக் கடல் தரையில் இறக்குவார்கள். அதிர்வுகள் டேப்பில் பதிவாகும். அந்தப் பழைய டேப்புகளைச் சென்னையில் ஓர் ஆய்வகம் கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பும். கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலையில், அம்மாவின் கடையின் பின்னறையில் உட்கார்ந்து அவள் அவற்றின் நேரத்தைத் திருத்துவாள்.

டேப் ஒரே வேகத்தில் ஓடியிருக்காது. கடல் குளிரில் பேட்டரி சோரும், மோட்டார் மெதுவாகும். ஒரு நொடி பிசகினாலும் நடுக்கம் பிறந்த இடம் பல கிலோமீட்டர் தள்ளிப்போகும்.

அவளுக்கு வேண்டியது ஆய்வகத்தில் ஒரு நாற்காலி, புதுக் கருவிகளை இறக்கப் போகும் கப்பலில் ஓர் இடம்.

"அவங்களா கூப்ட்டா போ. நீயா போய் நிக்காத" என்று அம்மா ரேணுகாம்பாள் சொல்லிவிட்டாள்.

பௌர்ணமி வந்தால் அறைக் கதவை அடைத்துக் கடைக்கு வந்த தண்ணீர் பாட்டில் பெட்டிகள் நிற்கும். கிரிவலக் கூட்டம் கலையும்வரை அவள் உள்ளேதான். அப்படி அடைபட்டிருந்தபோதுதான் தோன்றியது. ஆய்வக முறையில் டேப்பின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் கடிகாரத்தோடு பொருத்தி, நடுவில் சீராக ஓடியதாக வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் டேப்பின் ஓரத்தில் கருவியின் கடிகாரத் துடிப்பு விடாமல் பதிவாகியிருக்கிறதே? துடிப்புக்குத் துடிப்பு அளந்து சரிசெய்தாள். ஒரே நடுக்கத்தைப் பற்றி ஒத்துப்போகாமல் கிடந்த பதிவுகள் இப்போது ஒரே இடத்தைக் காட்டின.

இனி அவர்கள் கூப்பிடாமல் இருக்க முடியாது. யாரும் குறை சொல்லாதபடி ஒவ்வொரு படியையும் விளக்கி அனுப்பினாள்.

ஆய்வகப் பொறுப்பாளர் வேதா போன் செய்தார். "பிரமாதம்மா!"

"நேர்ல வந்து காட்றேன் மேடம்."

"எதுக்கு? அதான் இவ்ளோ தெளிவா எழுதிட்டியே. டேப் ஓட்ற மெஷினையே அங்க அனுப்பிடறோம். முழு வேலையும் வீட்லயே பண்ணிடு."

"கப்பலுக்கு…"

"நம்ம லேப் ராமன் போறாரும்மா. உன்ன அனுப்பிட்டா டேப்ப யார் பாக்கறது?"

பக்கத்தில் நின்ற அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எல்லார் வூட்டுக்கும் மாப்ள வருவான். உனக்கு மெஷின் வருது பாரு!"

வந்தது. தூசு ஆகாது என்று ஜன்னலை அடைத்து, அதை ஒட்டி மெஷினை நிறுத்தினார்கள். அம்மா சூடம் காட்டினாள்.

"இதெல்லாம் முடிய எத்தினி வருஷம்டி ஆவும்?"

அருணாதேவி முதல் டேப்பை மெஷினில் பூட்டினாள். வாசலில் இன்னும் வேனிலிருந்து டேப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.