பல் விழும்வரை திராட்சை

நான்கு வயது மகனுக்குக் கொடுக்கலாமென்று விளக்கெண்ணெய் பாட்டிலைத் திறந்தேன். வெளிக்குப் போனால் வலிக்கும் என்று பயந்து நாள்கணக்காக அடக்கிக்கொண்டிருக்கிறான்.

"ஒரு ஸ்பூன்தானே, குடுத்துடு. பாவம், அழறான்" என்றார் கணவர்.

கொடுத்தால் தப்பா, கொடுக்காவிட்டால் தப்பா என்று தயங்கி நிற்கையில், அந்தக் கனத்த வாசனை என்னை நான் வளர்ந்த ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு இழுத்துப் போனது.

முழுப்பரீட்சை முடிந்த முதல் ஞாயிறு அங்கே பேதிக்கு எடுக்கும் நாள். விடியற்காலையில் அப்பா எண்ணெயைச் சூடான காபியில் கலந்து நீட்டுவார். யாரும் வெளியே போகக் கூடாது. இருந்தது ஒரே கழிப்பறை. அக்காவும் நானும் கதவைத் தட்டிச் சண்டை போடுவோம். மதியம் அம்மா மோர் சாதம் கரைத்துக் கொடுத்த பிறகுதான் வயிறு அடங்கும். தம்பிக்கு மட்டும் ஊறவைத்த உலர்திராட்சை.

"அவனுக்கு மட்டும் ஏம்ப்பா திராட்சை?"

"அவனுக்கு இன்னும் ஒரு பல்லுகூட விழலையேம்மா. இது முரட்டு மருந்து, சின்ன வயிறு தாங்காது. அந்த வயசுல நீயும் திராட்சைதான் தின்ன."

நான் நம்பவில்லை. தம்பிதான் செல்லம் என்று வெகுகாலம் பொருமினேன்.

"கண்ணா, வாயைத் திற" என்று மகனை அருகே இழுத்தேன்.

"மருந்தாம்மா?"

"இல்லடா, பல்லு பாக்கணும்."

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆடவில்லை. பாட்டிலை மூடி மேல்தட்டில் வைத்துவிட்டு, குழந்தை டாக்டருக்கு போன் செய்தேன். சாயங்காலம் அழைத்து வரச் சொன்னார். அதுவரை தண்ணீரும் திராட்சையும் போதுமாம்.

கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருந்ததை மகன் எட்டிப் பார்த்தான்.

"இனிக்குமா?"

"ரொம்ப. உன் மாமாவைக் கேளு."