இடது பக்கத்து ஒயர்

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊரில் கெல்வின் ட்ரெஸைஸுக்குக் கர்வம் என்று ஒன்று உண்டென்றால், அது அவர் கையால் செய்த ஒயர்கள்தான். சிடி பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் ஒயரைக் கடையில் வாங்குகிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார். ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட். அதில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன், ஒரு பழைய ரேடியோ, எப்போதும் ஆறிப்போன டீ. ஸ்டீரியோ சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம் இது: "ஒரு பக்கம் சத்தம் குறைஞ்சா பதறாதீங்க. இடதையும் வலதையும் மாத்திச் சொருகிப் பாருங்க. குறை கூடவே அடுத்த பக்கம் நகர்ந்தா ஒயர்லதான் தப்பு."

எல்லாம் ஊருக்குத்தான் உபதேசம்.

நெவில் ஹாக்கிங் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். ஊர் பேண்டில் நாற்பது வருஷமாகக் கார்னெட் என்கிற குட்டி ட்ரம்பெட் ஊதுகிறவர். ஏப்ரலில் வரும் ஆன்சாக் தினத்தன்று விடியற்காலையில், போரில் செத்தவர்களுக்கான நினைவுத் தூணருகே தனியாக நின்று ஊதுவதும் அவர்தான். அவருடைய பிறந்தநாளுக்குக் கெல்வின் ஒரு ஜோடி ஒயர் செய்து கொடுத்திருந்தார். ஐந்து மாதம் ஒழுங்காகப் பாடியது. பிப்ரவரியில் நெவில் போன் செய்தார்.

"டேய் கெல்வின், இடது பக்கம் சத்தம் செத்துப்போன மாதிரி இருக்குடா. ஒயரா இருக்குமோ?"

கெல்வினுக்குச் சுருக்கென்றது. "என் ஒயரா? நல்லா சொன்ன போ! நாப்பது வருஷம் டிரம்முக்குப் பக்கத்துல உக்காந்திருக்க. ஒயரைப் பாக்காத, உன் காதைப் பாரு."

மாற்றிச் சொருகு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த மனுஷனின் வீம்பு அதைச் சொல்ல விடவில்லை.

கெல்வின் சொன்னால் நெவிலுக்கு வேதவாக்கு. டாக்டரிடம் போகவும் மறுத்துவிட்டார். "போனா காதுல ஒரு பிளாஸ்டிக்கைச் சொருகி அனுப்புவான்" என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? மனைவி ரோண்டா அடுக்களையில் முணுமுணுத்தது கேட்கவில்லை என்றால் காது. பேண்டில் எவனோ சுருதி பிசகினாலும் தன் காது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் காட்ட ஆரம்பித்தார். மார்ச்சில் பேண்டிலிருந்து விலகினார். ஏப்ரல் விடியலில் வேறொருத்தி தூணருகே நின்று ஊத, நெவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் கெல்வினும் நின்றார்.

மே மாதம் நெவில் அந்த ஒயர்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். "நல்ல ஒயர்டா இது. காது கேக்குறவனுக்குக் குடு. ஸ்டீரியோவை மகளுக்கு அனுப்பிடப் போறேன்."

அவர் போனபிறகு, சும்மா இருக்கட்டும் என்று கெல்வின் மீட்டரில் வைத்துப் பார்த்தார். இடது ஒயரை லேசாக அசைத்ததும் எண் குதித்தது. ஒயர் முனையிலிருந்த பின்னைப் பிரித்தார். நல்ல ஈயப் பற்று பளபளக்கும். இது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. ஈயம் சரியாக ஒட்டாத டிரை சால்டர்! உடனே எல்லாம் ஞாபகம் வந்தது. போன செப்டம்பரில், ஃபுட்டி கால்பந்து இறுதி ஆட்டத்தன்று, ரேடியோவில் கடைசி கோலுக்குத் துள்ளிக் குதித்தாரே, அப்போது கையில் இருந்தது இந்தப் பின்தான். ஈயம் இறுகுவதற்குள் ஆட்டிவிட்டார்.

"அடப் பாவி" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மறுபடி பற்றவைத்தார். ஒன்றும் சொல்லாமல் மாட்டிவிட்டு வந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்போடுதான் மறுநாள் நெவில் வீட்டுக்குப் போனார். மாட்டினார். நெவில் நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதும் முகம் மாறியது.

"ரோண்டா! இங்க ஓடி வா! காது திரும்ப வந்துடுச்சு!" கிழவருக்குக் கண்ணில் நீர் கொட்டியது. "சாமி புண்ணியம்டா கெல்வின்!"

அதைக் கேட்டபிறகு கெல்வினால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "சாமியும் இல்ல, பூதமும் இல்ல. ஒயர்தான்டா. நான் செஞ்ச கோளாறு. உன் காதுக்கு ஒண்ணும் ஆகல."

நெவில் பாட்டை நிறுத்தினார். "உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து."

"ஏப்ரல்ல என் பக்கத்துல நின்னியே. அதுக்குள்ள ஒரு தடவ வந்து மாத்திப் பாத்திருக்கக் கூடாதா?"

"என் ஒயர்ல தப்பு இருக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்டா."

ரோண்டாதான் "டீ ஆறுது, எடுத்துக்குங்க" என்றாள்.

ஜூனில் டாக்டர் இரண்டு காதும் ஒரு குறையும் இல்லாமல் கல்லுமாதிரி திடமாக இருக்கிறது என்றார். பேண்ட் நெவிலைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது; தூணருகே ஊதும் இடம் மட்டும் ஏப்ரலில் ஊதிய பெண்ணுக்கே என்று முடிவாகிவிட்டது. நெவில் வீட்டு ஸ்டீரியோவில் இப்போது கடையில் வாங்கிய ஒயர் தொங்குகிறது. கெல்வின் அதைப் பார்த்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வார். ஆனால் கெல்வின் வாயைத் திறந்தால் போதும், நெவிலின் தலை தன்னால் திரும்பி வலது காதைக் காட்டுகிறது. நெவிலுக்கே அது தெரியாது. அவர் வீட்டில் கெல்வின் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை.