இருபத்திரண்டு வருடக் கிறிஸ்துமஸ் டியூட்டி

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவருக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா என்று பேர். தாடி கிடையாது, தொப்பை கிடையாது, கடவுள் நம்பிக்கை அறவே கிடையாது. டிசம்பர் முதல் வாரத்தில் டியூட்டி அட்டவணை ஒட்டும்போது, இருபத்தைந்தாம் தேதிக்கு அவர் பேரை யாரையும் கேட்காமலே எழுதிவிடுவார்கள். "எனக்குத்தான் சாமியே இல்லையேப்பா. நான் பாத்துக்கறேன், நீங்க புள்ளைங்களோட சர்ச்சுக்குப் போங்க" என்று எந்தக் காலத்திலோ சொன்னவர். இருபத்திரண்டு வருடமாக அது நடந்துகொண்டிருந்தது. தனக்கு ஒன்றுமில்லாத நாளைக் கொடுப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று நினைப்பார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் மனைவி ஜெபம் பண்ணாமல் காபிகூடக் குடிக்க மாட்டாள். கல்யாணமான புதிதில் இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். அவள் அவரைச் சர்ச்சுக்குக் கூப்பிடக் கூடாது, அவர் அவளைக் கேலி செய்யக் கூடாது. அவள் தன் பங்கை முழுசாகக் காப்பாற்றினாள், அவர் பாதி. கிறிஸ்துமஸ் அன்று அவர் கருவிப்பெட்டியோடு கிளம்ப, அவள் பின்தெரு சர்ச்சுக்குத் தனியாக நடந்து போவாள். மத்தியானச் சாப்பாட்டை அவர் சாயங்காலம் வந்து சாப்பிடுவார். அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. முகம் சுளிக்காதவர்களுக்கு மனக்குறையும் இல்லை என்று நம்பும் ஆண்களில் அவரும் ஒருவர்.

போன மார்ச்சில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சுதான் சண்டித்தனம் செய்தது. சொல் மனதில் இருக்கும், நாக்குக்கு வராது. பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தினமும் எதையாவது உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் செய்தித்தாளை எடுத்து வந்தார்.

"அதப் படிச்சா... மறுபடி... வாதம் வரும்" என்று சொல்லிவிட்டு அவள் பைபிளைத் திறந்தாள்.

அன்று முதல் சமையலறை மேசையில் தினமும் ஒரு மணி நேரம். குழந்தை பிறந்ததும் மேய்ப்பர்கள் பார்க்கப் போவதுமான அந்தப் பகுதிதான் அவளுக்குப் பிடித்தது. அவள் தடுக்கி நிற்கும் இடத்தில் அவர் சத்தமில்லாமல் வாயசைப்பார். உதட்டைப் பார்த்து அவள் சொல்லைப் பிடித்துக்கொள்வாள். 'மேய்ப்பர்கள்' மட்டும் ஒன்பது மாதமும் அவளைப் படாதபாடு படுத்தியது. அதற்குள் அவருக்கு அந்தப் பகுதி தலைகீழாக மனப்பாடம். கடவுள் இல்லை என்று சொல்கிற வாயில் வேதம் இப்படிச் சரளமாக வருவதைப் பார்த்து அவள் ஒரு நாள் சிரித்தாள். வாதம் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நவம்பரில் பாதிரியார் வீட்டுக்கு வந்து, கிறிஸ்துமஸ் காலையில் அந்தப் பகுதியை அவள் வாசிக்க முடியுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கணவர் வாயெடுப்பதற்குள் அவள் தலையாட்டிவிட்டாள். பாதிரியார் போனதும் அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க... வரணும். நான் நின்னுட்டா... வாயசைக்கணும்."

கல்யாண காலத்து ஒப்பந்தத்தை முதல் தடவையாக மீறினாள். ஊரே பார்க்க நின்றுபோவோம் என்ற பயம் அவள் கண்ணில் தெரிந்தது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் வேலையிடத்தில் லீவு கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒருவர் ஊருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார், ஒருவர் வீட்டுக்கு மருமகன் வருகிறார். "உங்களுக்கு எதுக்கண்ணே கிறிஸ்துமஸ்?" என்றான் இன்னொருவன், கெட்ட எண்ணத்தில் அல்ல. அவனைக் குறை சொல்ல முடியாது, சொல்லிக் கொடுத்ததே இவர்தானே.

கடைசியில் வந்தவர் ஜெபக்காரர். கண்ட்ரோல் பேனலைத் திறக்கும் முன் கண்ணை மூடிப் பிரார்த்திப்பதால் வந்த பேர். "மொதல்ல மெயினை ஆஃப் பண்ணு, அப்புறம் ஜெபம் பண்ணு" என்று தாத்தா அவரைக் கிண்டல் செய்யாத நாளில்லை. ஜெபக்காரரோ வாழ்நாளில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையையும் தவறவிட்டதில்லை.

"இருபத்துநாலு ராத்திரி என் ஷிப்ட் மட்டும் நீங்க பாத்துக்குங்கண்ணே. காலைல எட்டு மணிக்கு நான் வந்துடறேன்."

"உன் ஆராதனை?"

"ஆண்டவர் லிஃப்ட் மெஷின் ரூமுக்கும் வருவாருண்ணே. அண்ணி வாசிக்கறப்போ நீங்க அங்க இருக்கணும்."



கிறிஸ்துமஸ் காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெரியவரும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும். விட்டுவிட்டு வர மனசில்லை. ஜெபக்காரர் போனில் இடம் கேட்டு நேராக அங்கேயே வந்து சேர்ந்து, லிஃப்ட் கதவுச் சாவியை அவர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு விரட்டினார்.

கிரீஸ் படிந்த சட்டையோடு அவர் சர்ச்சுக்குள் நுழைந்தபோது அவள் மேடையில் புத்தகத்தின் முன் நின்றிருந்தாள். ஒரு கையில் ஊன்றுகம்பு. இன்னும் வாய் திறக்கவில்லை. கண் வாசலில் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. கூட்டம் நெருக்கியடித்தது. அவள் பார்வைக்குப் படுகிற மாதிரி மூன்றாவது வரிசையில் ஒரே ஓர் இடம் இருந்தது, அதில் ஒரு கைப்பை. அவர் அங்கே போய்க் குனிந்தார்.

பக்கத்திலிருந்த அம்மாள் பையின் மேல் கையை வைத்தாள். "இங்க ஆள் இருக்கு சார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "அதோ வாசிக்க நிக்கறாங்களே, அவங்க வீட்டுக்காரருக்குப் போட்டு வெச்ச இடம். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இப்படித்தான் பையை வெச்சு எடம் புடிப்பாங்க. அந்த மனுஷன்தான் ஒரு தடவகூட வந்ததில்ல. பாவம்."

இத்தனை வருடமாக அவர் தன் நாளைத் தூக்கிக் கொடுத்ததாக நினைத்திருந்தார். அவர் கொடுத்ததெல்லாம் அவளுடைய நாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான்தாம்மா அந்த ஆள்" என்றார். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மேடையிலிருந்து அவள் அவரைப் பார்த்துவிட்டாள். வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரிகள் தட்டுத் தடுமாறி வந்தன, பிறகு சீராயின. 'மேய்ப்பர்கள்' வந்ததும் நின்றாள். அவள் அவருடைய உதட்டைப் பார்த்தாள்.

ஒன்பது மாதம் சொல்லிக் கொடுத்த சொல். அவருக்கு உதடு அசையவில்லை. கண் நிறைந்து, இரண்டு கையாலும் அவள் பையைப் பிடித்தபடி சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

அவள் சற்று நேரம் அவரையே பார்த்தாள். பிறகு அவர் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்காமல், மூன்று துண்டாக, ஒரு துண்டும் விடாமல், அவளே அதைச் சொன்னாள்.