கண்ணாடி உருண்டைக்குப் பக்கத்தில் நின்றவர்

பேய், ஆவி எதையும் நான் நம்பியவனல்ல. ஐம்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம் என்பதை மட்டும் நம்பினேன், அதற்கே வீட்டில் மந்திரித்துவிடலாமா என்று யோசித்தார்கள். ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை.

என் ஆராய்ச்சிப் பொருள் ஒரு கண்ணாடி உருண்டை, மணலைவிடப் பொடி. லேசர் ஒளியை உள்ளே விட்டால் ஓரமாகவே சுற்றிச் சுற்றி ஓடும், எந்த நிறம் அப்படிச் சிக்கிக்கொள்கிறதோ அந்த இடத்தில் கணினித் திரையில் ஒரு பள்ளம் விழும். துளி சூடு பட்டாலும் பள்ளம் நகர்ந்துவிடும். ஆள் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டாலே போதும். திண்டுக்கல் வெயிலில் அது மாட்டுத்தாவணி பஸ் மாதிரி நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால், மலைமேல் குளிரான மன்னவனூரில் பூண்டு மணக்கும் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். சூட்டுக்கு எதிர்ப்பக்கமாக இழுக்கும் ஒரு சிலிக்கோன் தோலை உருண்டைக்குப் பூசினால் பள்ளம் நிற்கும் என்பது என் கட்சி. கெடுவின் கடைசி நாளான அன்று சாயங்காலத்துக்குள் அசையாத பள்ளத்தின் வரைபடத்தை அனுப்பாவிட்டால் பதிவு ரத்து என்பது நெறியாளரின் கட்சி.

மதியம், ஜன்னலெல்லாம் மூடுபனி. பூச்சு காய்ந்ததும் வீட்டுக்காரப் பாண்டியம்மாவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அந்த மேசைகிட்ட வந்து நில்லுங்க."

"இத்தன நாளா கிட்ட வராதீங்கன்னு வெரட்டிப்புட்டு இப்ப வான்னா? வெரசா சொல்லுங்க சார், காட்டுல சோலி கெடக்கு."

வந்தார், குனிந்தார், பெருமூச்சே விட்டார். பள்ளம் அசையவில்லை! நானும் ஊதினேன், அசையவில்லை. அவர் காட்டுக்குப் போனார், நான் ஆடாத குறை.

பிறகுதான் அது நகர்ந்தது. பூச்சுக்கு முன்னால் ஆள் நெருங்கும்போது நகருமே, அதே மாதிரி. மெல்ல ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏறி, யாரோ நிலைகொள்ளாமல் மேசைவரை வந்து வந்து திரும்புவதுபோல. லேசரைப் பார்த்தேன், ஒயரைப் பார்த்தேன், கதவைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. பக்கத்தில் கையை வைத்தேன், என் கையை அது கண்டுகொள்ளவேயில்லை. என்னை அது உணரவில்லை, வேறொருவரை உணர்கிறது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நம்பினால் நம்புங்கள், ஒரு இயற்பியல் ஆசிரியன் காலி அறையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னேன்: "ஐயா, கொஞ்சம் தயவு பண்ணுங்க, போயிட்டு வாங்க."

பள்ளம் இறங்கியது, நின்றது, அசையவேயில்லை. அப்படியே அனுப்பினேன்.

சாயங்காலம் டீயோடு வந்த பாண்டியம்மாவிடம் இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"போங்கன்னீங்களா, போயிட்டு வாங்கன்னீங்களா?"

"மரியாதைக்குப் போயிட்டு வாங்கன்னுதானே சொல்லுவோம்?"

"அது ஆளுக்குச் சொல்ற மரியாத சார்."

பட்டம் கிடைத்துவிட்டது. பூச்சின் கனத்தைச் சரியாகக் கணித்ததாகப் பாராட்டினார்கள், நானும் அடக்கமாகத் தலையாட்டினேன். உருண்டை இப்போது கல்லூரியில் என் அறையில் இருக்கிறது, பள்ளம் கல் மாதிரி நிற்கிறது. பாடம் நடத்தும்போதுகூட எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நான் கேட்டுக்கொண்டதில் பாதியைத்தான் அவர் செய்திருக்கிறார்.