எங்கள் சேமக்காலையில் இடம் கிடைக்காதவர்

பதினான்கு வருடங்கள் ஒரே பெண்ணிடம்தான் மீன் வாங்கினேன். திருகோணமலைக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து, அலுமினியப் பேசினைத் தலையில் தூக்கிக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் நுழைவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். குடியியலும் கத்தோலிக்க சமயமும் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

ஒருநாள் நெற்றியில் திருநீறு இல்லாமல் வந்தார்.

“என்னக்கா, வெறும் நெத்தியோட வாறீங்கள்?”

“நான் இப்ப ஜெப வீட்டுக்குப் போறனான் டீச்சர்.” சூரை மீனைப் பலகையில் வைத்து வெட்டிக்கொண்டே சொன்னார். “வெள்ளிக்கிழமையில அங்க என்ர மகன்ர பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுகினம். ஊரில ஒருத்தரும் அவன்ர பேரை எடுக்கிறேல்லை. பயம்.”

மகன் போரின் கடைசி வருடங்களில் காணாமல் போனவன். அதை எனக்குச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவன் பெயரை நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

“எங்கட கோயிலுக்கு வந்திருக்கலாமே அக்கா.”

“வந்தனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் முன்னுக்கு நிண்டு பாடினீங்கள். நான் கடைசி வாங்கில இருந்தனான். பக்கத்தில இருந்த பொம்பிளை எழும்பித் தள்ளிப் போய் இருந்திட்டா. மீன் மணத்திருக்கும்.”

கோபமில்லாமல் சொன்னார். மீனை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணியளவில் அவருடைய மகள் என் கேற்றில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறும் குங்குமமும் இருந்தன. தாய் ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலியில் இறந்துவிட்டார் என்றாள். ஒழுங்கை முடிவில் ஒரு சின்ன லொறி நின்றது. பெட்டி அதில்தான் இருந்தது.

“ஊர் மயானத்தில விடமாட்டம் எண்டு கேற்றைச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டினம் டீச்சர். மதம் மாறினவைக்கு இங்க இடமில்லையாம். திருநீறு பூசி எங்கட முறைப்படி எரிக்கிறதெண்டால் விடுவினமாம்.”

“அது பொது மயானமெல்லோ. பிரதேச சபைக்குச் சொந்தமானது. ஆரையும் தடுக்க ஏலாது.”

“கிராம சேவையாளரும் அதைத்தான் சொன்னவர். சட்டப்படி ஏலும், ஆனால் ஆக்கள் விடமாட்டினம் எண்டார். பொலிஸ் வந்து, பிரச்சினை வேண்டாம், வேற இடம் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போட்டுது.”

அந்தச் சட்டத்தை நான் இருபத்தைந்து வருடம் வகுப்பில் படிப்பித்தவள். மத சுதந்திரம், சட்டத்தின் முன் சமத்துவம் என்று பிள்ளைகள் பரீட்சைக்குப் பாடமாக்குவார்கள். சங்கிலி போட்டவர்களில் ஒருவனாவது என்னிடம் படித்திருக்கக்கூடும்.

“எரிச்சால் என்ன பிள்ளை?” என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“எனக்கு எரிக்கிறதுதான் முறை. நான் இப்பவும் சைவக் கோயிலுக்குத்தான் போறனான். அவ ஜெப வீட்டுக்குப் போனதில எனக்கு விருப்பமில்லை, எத்தனை நாள் சண்டை பிடிச்சனாங்கள். ஆனால் சாக முதல் என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவ. எரிக்க வேண்டாம், தம்பி திரும்பி வந்தால் அம்மா எங்க எண்டு கேப்பான், காட்டுறதுக்கு ஒரு இடம் வேணும் எண்டு.” அவள் அழவில்லை. “உங்கட சேமக்காலையில ஒரு இடம் தருவீங்களோ டீச்சர்?”

நான் அப்போது எங்கள் பங்குச் சபையின் செயலாளர். பங்குத் தந்தை மன்னாருக்குப் போயிருந்தார். தொலைபேசியில் பிடித்துக் கேட்டேன். “சபை கூடி முடிவெடுக்கட்டும். நான் குறுக்கே நிக்கமாட்டன்” என்றார். அவர் குறுக்கே நிற்பார் என்று நான் பயப்படவே இல்லை. கூட நிற்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

பதினொன்றரைக்குக் கோயில் மண்டபத்தில் ஏழு பேர் கூடினோம். லொறி சேமக்காலை மதிலோரம் வந்து நின்றது. உள்ளே கல்லறைகளுக்கிடையில், நகரத்துக்குள் திரியும் மான்களில் இரண்டு படுத்திருந்தன, வாடிய மலர்வளையம் ஒன்றை மூன்றாவது தின்றுகொண்டிருந்தது.

எல்லோரும் அறிந்த, நல்ல மனிதர்கள். சுனாமி நேரம் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்டவர்களும் அதற்குள் இருந்தார்கள். ஆனால் பேச்சு தொடங்கியதும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. இவரை அடக்கினால் அந்த ஊர் இளைஞர்கள் நாளைக்கு எங்கள் கோயிலுக்குக் கல்லெறிவார்கள். சேமக்காலையில் எங்கள் ஆட்களுக்கே இடம் போதாது. அந்த ஜெப வீட்டுக்காரர் எங்கள் குடும்பங்களை இழுத்துக்கொண்டு போகிறவர்கள், அவர்களுடைய போதகர் அடக்கட்டும். போதகர் வாடகை வீடொன்றில் இருபது பேரை வைத்து ஜெபிக்கிறவர். அவரிடம் ஒரு துண்டு நிலமும் இல்லை.

“மரிச்சவையை அடக்கம் பண்ணுறது இரக்கத்தின்ர செயல்களில ஒண்டு. சின்னப் பிள்ளையளுக்கே படிப்பிக்கிறம்” என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“டீச்சர், புத்தகத்தில இருக்கிறது வேற, ஊரோட வாழுறது வேற” என்றார் சபைத் தலைவர். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை.

கைகளை உயர்த்தச் சொன்னார். ஒருவர் மட்டும் அடக்கலாம் என்று கை உயர்த்தினார், இளம் தாதி ஒருத்தி. செயலாளர் வாக்களிக்க வேண்டியதில்லை, குறித்துக்கொண்டால் போதும் என்று யாரோ சொன்னார். அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைக்கும்போது இப்போதும் உடம்பு கூசுகிறது. குனிந்து எழுதினேன்: “பங்கைச் சேராதவர் ஒருவரின் அடக்கம் தொடர்பான கோரிக்கை, இடப் பற்றாக்குறை காரணமாக ஏற்கப்படவில்லை.” பிழையில்லாத வசனம்.

வெளியே போய் மகளிடம் சொன்னது நான்தான். அவள் ஓம் என்று தலையாட்டினாள். லொறிக்காரர் பெட்டிக்கு மேல் படங்கு கட்டி நிழல் செய்துகொண்டிருந்தார். கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி. அந்தக் கிராமத்துக் கரையில் மீன் எடுப்பவர். காலையில் வேறு யாரும் பெட்டியை ஏற்ற முன்வராதபோது, மீன் பெட்டிகளை இறக்கி, லொறியைக் கழுவி, இவர்தான் வந்திருக்கிறார்.

“எங்கட மையவாடியில எங்கட ஆக்கள மட்டுந்தான் அடக்கலாம் டீச்சர். என்ர சொந்த வளவில அடக்குவமெண்டு கேட்டுப் பாத்த நான். அதுக்கும் அனுமதி எடுக்கணுமாம், நாளாகுமாம்.” படங்குக் கயிற்றை இறுக்கினார். “கொரோனா நேரம் அடக்க விடாம எங்கட உம்மாவ அரசாங்கத்தால எரிச்சாங்க. வேணாமெண்டு கும்பிடாத குறையாக் கெஞ்சின நாங்க. அப்பயும் உங்கட பக்கத்திலயிருந்து ஒரு சத்தமும் வரல்ல. நான் குறை சொல்லல்ல டீச்சர். நடந்தத்தச் சொல்றன்.”

அந்த மாதங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. நானும் அங்கம் வகித்த சர்வமதக் குழு ஒரு கண்டனக் கடிதம் எழுத வேண்டும் என்று ஒருவர் சொன்னார். பார்ப்போம் என்றோம். பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நகரத்துப் பொது மயானத்தில் புதைக்க இடமில்லை, எரிப்பதென்றால் உடனே செய்யலாம் என்றார்கள். இரண்டு இரவுகள் கடந்த உடல். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. மகள் பெட்டியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

“சரி. எரிப்பம்” என்றாள்.

நானும் போனேன். போதகரோடு நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அவர் ஒரு சங்கீதத்தை வேகமாக வாசித்தார், யாராவது வந்து நிறுத்திவிடுவார்கள் என்பதுபோல். லொறிக்காரர் தொப்பியை அணிந்துகொண்டு வாசலுக்கு வெளியே நின்றார். மகளே கொள்ளி வைத்தாள். புகை எழுந்தபோது எனக்கு ஒரு ஜெபமும் வாயில் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி தந்தாள். சாம்பல் எங்கே என்று கேட்டேன். கடலில் கரைத்துவிட்டதாகச் சொன்னாள்.

“தம்பி வந்து கேட்டால் கடலைத்தான் காட்டோணும்.” பிறகு, நான் முகத்தைத் திருப்பியதைப் பார்த்து, “நீங்கள் யோசிக்காதேங்கோ டீச்சர். உங்களில ஒரு பிழையுமில்லை” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் வீடு திரும்பும் வழி அவ்வளவு நீண்டிருக்காது.

போதகர் வாடகை வீட்டை விட்டுவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னாராம். கைதூக்கிய தாதி சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை. பதவி விலகுவதாக ஒரு கடிதம் எழுதி, இரண்டு வாரம் கைப்பையில் வைத்திருந்து, கிழித்துப் போட்டேன். என்னை விட்டால் எழுத ஆளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், கோயிலும் இல்லாமல் போனால் எனக்குப் போக வேறு இடமில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பங்குத் தந்தை மறைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தார். நடந்ததைச் சொல்லி, நான் கை உயர்த்தவில்லை என்றேன். நாங்கள் இரண்டு பேருமே ஒரே பாவத்தின் முன் இருந்தோம், மன்னிக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் இருந்தது. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லச் சொல்லிப் பாவமன்னிப்புத் தந்தார். முழங்காலில் நின்று சொன்னேன். இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை.